புள்ளி விசை

ஆங்கிலத்தில் செமிகோலன் போட்டு எழுதுகிறவர்கள் குறைந்துபோய்விட்டார்கள். மென்பொருள் எழுதிப் பிழைப்பதால் எனக்கு அது தினப்படிச் சோலி. ஜாவாவில் வரிக்கு வரி வேண்டும். மற்றபடி ஒரு சாதாரண அலுவலகத்துக் கீபோர்டில் கடைசிவரை புதுசாகவே இருந்துவிடும் விசைகளில் செமிகோலனும் ஒன்று.

ஆனால் மதுரையில் ஒரு டிடிபி கடைக்கோ பத்திர எழுத்தர் அலுவலகத்துக்கோ போய், பத்து வருஷம் உழைத்த கீபோர்டு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். செமிகோலன் விசை எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். மேலே அச்சிட்ட குறி பாதி அழிந்திருக்கும். காரணம் எளிது. தமிழ்த் தட்டச்சு கற்றவர்களுக்கு அது செமிகோலனே இல்லை. அதுதான் புள்ளி.

'விற்பனை ஒப்பந்தப் பத்திரம்' என்று எழுதிப் பார்ப்போம். மொத்தம் 15 எழுத்து. அதில் 6 மெய்யெழுத்து, அதாவது 6 புள்ளி. ஐந்து எழுத்துக்கு இரண்டு என்ற கணக்கு. எல்லாச் சொற்றொடரும் இவ்வளவு அடர்த்தியாக இருக்காது. ஆனால் தமிழில் ஒரு பக்கம் அடித்தால் எந்த உயிர்மெய்க் குறியைவிடவும் அதிகமாகப் புள்ளியைத்தான் தொட்டிருப்போம் என்று தட்டச்சர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த உழைப்பு முழுவதும் வலக்கைச் சுண்டுவிரலின் மேல் விழுகிறது. பத்து விரலிலும் பலம் குறைந்த விரல்.

அந்த விசை பழுதானால் என்ன ஆகும், அதை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். ஆனால் புள்ளி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்லாமல் பழுதைப் பற்றிப் பேச முடியாது.

1

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில் யானைமலையைத் தாண்டி உள்ளே போனால் மாங்குளம். அங்கே மீனாட்சிபுரத்து மலைக்குகையில் கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்துத் தமிழ்பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1882ல் ராபர்ட் சீவெல் அவற்றைப் பதிவு செய்தார். பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் வருகிற கல்வெட்டுகள் அவை. தமிழ் எழுதப்பட்ட மிகப் பழைய இடங்களில் ஒன்று. ஆனால் அந்தக் கல்லில் புள்ளி கிடையாது. தமிழ்பிராமியின் எழுத்து முறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டிய ஐராவதம் மகாதேவன், புள்ளி பிந்தைய கட்டத்தில்தான் வருகிறது என்று நிறுவினார். தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளி உண்டு என்று விதியே சொல்கிறது. எகர ஒகரக் குறிலுக்கும் புள்ளி உண்டு என்கிறது.

விதி வந்துவிட்டது, கருவி ஒத்துழைக்கவில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறுவார்கள். கோடு இழுக்கலாம், வளைக்கலாம். புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும். அதனால் ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். வாசிக்கிறவன்தான் இடம்பார்த்து மனசுக்குள் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். 'கல' என்று இருந்தால் அது 'கல்'லா, 'கல'வா? 'பல' என்றால் 'பல்'லா, 'பல'வா? உ.வே.சாமிநாதையர் தலைமுறையினர் ஏடுகளோடு பட்ட பாட்டில் இந்த விடுபட்ட புள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1901ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கி, ஏடு சேர்த்து, அச்சுக்கூடமும் வைத்தபோது அங்கே நடந்த வேலையின் ஒரு பகுதி, சுருக்கமாகச் சொன்னால், ஓலையில் இல்லாத புள்ளியை ஈயத்தில் கொண்டுவந்து வைப்பது.

அச்சுக்கு அது சிரமமில்லை. புள்ளி வைத்த 'க்' தனி அச்சு, புள்ளியில்லாத 'க' தனி அச்சு. எத்தனை வேண்டுமானாலும் வார்த்துத் தட்டறையில் போட்டுக்கொள்ளலாம். தட்டச்சு இயந்திரம் வந்தபோதுதான் மறுபடி நெருக்கடி. இருப்பது சுமார் 45 விசை. எழுத்தோ 247.

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886ல் பிறந்து, மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போன ஆர். முத்தையா இந்தக் கணக்கைத் தீர்த்தவர்களில் முதன்மையானவர். அவர் அமைத்த எழுத்து வரிசையை ஜெர்மனியின் செய்டல் நௌமன் நிறுவனம் இயந்திரமாகச் செய்தது. தீர்வின் மையம் இது: ஒவ்வொரு மெய்க்கும் தனி விசை வேண்டாம், புள்ளிக்கு ஒரே ஒரு விசை போதும். ஆனால் புள்ளிக்குத் தனி இடம் கிடையாது, எழுத்தின் தலைமேல்தான் உட்கார வேண்டும். சாதாரண விசையை அழுத்தினால் தாளைச் சுமக்கும் வண்டி ஒரு இடம் நகர்ந்துவிடும். புள்ளி விசை அடித்தால் மட்டும் வண்டி நகரக் கூடாது. இதற்குத் 'நகரா விசை' என்று பெயர். 18 மெய்யெழுத்தும் இப்படி ஒரு விசைக்குள் அடங்கிப்போயின.

நம் ஊர்த் தட்டச்சுப் பள்ளிகளில் முதல் பாடம் நடு வரிசை. இடக்கைக்கு ய, ள, ன, க, ப. வலக்கைக்குச் சுண்டுவிரலிலிருந்து உள்நோக்கி வந்தால் புள்ளி, ட, ம, த, கடைசியில் கால். லோயர் பாஸ், ஹையர் பாஸ் என்று சான்றிதழ் வாங்கி அரசு வேலைக்கு விண்ணப்பித்த தலைமுறைகள் இந்த வரிசையை விரலில் எழுதி வைத்திருக்கின்றன. அதை மறக்கச் சொல்வது சைக்கிள் ஓட்ட மறக்கச் சொல்வதுபோல.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு தமிழ்99 என்ற விசைப்பலகையைத் தரப்படுத்தியது. அது உண்மையிலேயே யோசித்துச் செய்த வேலை. உயிர் இடக்கையில், அடிக்கடி வரும் மெய் வலக்கையில். புள்ளியை வலச் சுண்டுவிரலிலிருந்து எடுத்து, இடது ஆள்காட்டி விரலுக்கு, ஆங்கில 'எஃப்' இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதோடு, ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்கு மென்பொருளே புள்ளி வைத்துவிடும். ந-த, ம-ப போன்ற இணைகளுக்கும் அப்படியே. மேலே சொன்ன 'விற்பனை ஒப்பந்தப் பத்திரம்' தமிழ்99ல் மூன்று புள்ளியில் முடிந்துவிடும். பாதி வேலை மிச்சம்.

இருந்தும் லோயர் ஹையர் முடித்தவர்கள் மாறவில்லை. மென்பொருள்காரர்களும் அவர்களுக்காகப் பழைய தட்டச்சு அமைப்பைக் கணிப்பொறிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். இயந்திரம் போனது, வண்டி போனது, நகரா விசை என்ற தேவையும் போனது. புள்ளி மட்டும் சுண்டுவிரலின் கீழேயே நின்றுவிட்டது.

2

தட்டச்சு இயந்திரத்திலிருந்து கணிப்பொறிக்கு வந்தவர்கள் ஒரு விஷயத்தைத் தவறவிட்டதாகச் சொல்வார்கள்: சத்தம். விசையை அடித்தால் 'டக்' என்று கேட்க வேண்டும், விரலில் தட்டுப்பட வேண்டும். விலை குறைந்த கீபோர்டுகளில் அது இல்லை. அவற்றின் உள்ளே இருப்பது ரப்பர் குமிழ் விரிப்பு ஒன்று, அதன் கீழே வெள்ளி மைக் கோடுகள் அச்சிட்ட இரண்டு பிளாஸ்டிக் தாள். அழுத்தினால் குமிழ் நசுங்கி மேல்தாளைக் கீழ்த்தாளோடு ஒட்டவைக்கும். நாள்பட்டால் ரப்பர் தளர்ந்து, இட்லி மாவில் விரல் வைப்பதுபோல் ஆகிவிடும்.

இந்தியாவில் இதற்கு மாற்றாக நின்றது டிவிஎஸ் கோல்டு. டிவிஎஸ் என்ற பெயருக்கும் மதுரைக்கும் உள்ள உறவைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911ல் தொடங்கிய நிறுவனம். மேல வெளி வீதியில் அதன் கட்டடம் இன்றும் அடையாளம். பஸ் ஓட்டிய கம்பெனி என்று சொல்வோம். பஸ் ஓட்டுவது என்பது பாதிக்கு மேல் பழுது பார்ப்பதுதான். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, வண்டிகளை எரிவாயுவில் ஓட்ட ஒரு சாதனத்தை அவர்களே செய்தார்கள். தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் ஏற்றும் தொழிற்சாலை வைத்தார்கள். தேய்ந்த பாகத்தை மட்டும் புதுப்பித்து மீதியை ஓட்டுவது இந்த ஊரில் கம்பெனிப் பாடமாகவே இருந்திருக்கிறது.

அந்தக் குழுமத்தின் வழியில் வந்த சென்னை நிறுவனம் டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸ். டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிகளால் ஊர் ஊராக அறியப்பட்டது. அதன் கீரீச் சத்தம் கேட்காத பில் கவுண்டர் ஒருகாலத்தில் இல்லை. அவர்களுடைய கோல்டு கீபோர்டில் நீண்டகாலம் இருந்தவை செர்ரி எம்எக்ஸ் நீல சுவிட்சுகள். 2010 ஜூலையில் உதயகுமார் வடிவமைத்த ரூபாய்க் குறியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டதை ஒட்டி, ₹ பொறித்த கோல்டு பாரத் வந்தது. வங்கிகளிலும் பில் போடும் இடங்களிலும் டிடிபி கடைகளிலும் அது புழங்கியது. மெக்கானிக்கல் கீபோர்டு என்பதை விளையாட்டுப் பிள்ளைகள் கண்டுபிடித்து, வண்ண விளக்கு போட்டு, பல ஆயிரம் கொடுத்து வாங்க ஆரம்பிப்பதற்கு முன்பே நம் ஊர்ப் பத்திரம் அடிக்கிறவர்கள் அதே சுவிட்சில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அதன் பெயர் தெரியாது. 'சத்தம் வர்ற கீபோர்டு', அவ்வளவுதான்.

3

செர்ரி அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1953ல் வால்ட்டர் செர்ரி தொடங்கிய நிறுவனம். பிறகு ஜெர்மனியில் வேரூன்றியது. எம்எக்ஸ் சுவிட்சு 1980களின் முதல் பாதியில் வந்தது. ஒரு சுவிட்சைத் திறந்தால் உள்ளே எண்ணி ஐந்தாறு பாகம்தான்: கீழ்க் கூடு, மேல்மூடி, ஸ்பிரிங், விசையோடு சேர்ந்து இறங்கும் தண்டு, இரண்டு உலோகத் தகடு.

தகடுகளில் ஒன்று அசையாது. இன்னொன்று வளையும். சும்மா இருக்கும்போது தண்டின் கால் வளையும் தகட்டைத் தள்ளிப் பிடித்திருக்கும், தொடவிடாது. விசையை அழுத்தினால் கால் கீழே இறங்கி வழிவிடும். தகடு தன் வளைவால் தானே போய் மற்றதைத் தொடும். தொடும் இடத்தில் மட்டும் தங்கம் கலந்த சின்ன முனை. மொத்தம் 4 மில்லிமீட்டர் ஆழம், 2.2 மில்லிமீட்டரிலேயே தொடுப்பு நடந்துவிடும்.

நீல சுவிட்சில் கூடுதலாக ஒரு வெள்ளைப் பாகம் இருக்கிறது. தண்டைச் சுற்றித் தளர்வாக மாட்டிய சின்னச் சட்டை. அழுத்தும்போது தகட்டின் வளைவு அந்தச் சட்டையைக் கொஞ்சம் தடுக்கும், பிறகு சட்டென்று விடும். அது கீழே போய் இடிக்கிற சத்தம்தான் நமக்குக் கேட்கும் 'டக்'.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. தட்டச்சு இயந்திரத்தில் சத்தமும் எழுத்தும் ஒரே நிகழ்ச்சி. எழுத்துத்தலை தாளில் மோதுவதுதான் சத்தம். மோதினால் எழுத்து விழுந்தே ஆகும். நீல சுவிட்சில் அவை இரண்டு தனி நிகழ்ச்சிகள். பிளாஸ்டிக் சட்டை இடிப்பது ஒன்று. தங்க முனைகள் தொடுவது இன்னொன்று. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடக்கும்படி அமைத்திருக்கிறார்கள், அவ்வளவே. ஆகவே சத்தம் சரியாகக் கேட்டும் எழுத்து விழாமல் போகலாம். காதை நம்பிப் பழகிய பழைய தட்டச்சர் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கண் மூலப்பிரதியில் இருக்கும், காது 'விழுந்துருச்சு' என்று சொல்லும், திரையில் 'மகன்' என்பது 'மகன' என்று நிற்கும்.

இன்னொரு விதப் பழுதும் உண்டு. எந்த உலோகத் தொடுப்பும் ஒரே தடவையில் அமைதியாகத் தொட்டுவிடாது. தரையில் போட்ட கோலிக்குண்டுபோல் சில முறை துள்ளும். எம்எக்ஸில் அந்தத் துள்ளல் 5 மில்லிசெகண்டுக்குள் அடங்கிவிடும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. கீபோர்டுக்குள் இருக்கும் சிப் அந்த நேரத்துக்குக் கண்ணை மூடிக்கொள்ளும். முனையில் அழுக்குப் படிந்தால் துள்ளல் நீண்டுபோகும். சிப் கண்ணைத் திறக்கும்போதும் துள்ளிக்கொண்டிருந்தால் இரண்டாவது அழுத்தலாக எண்ணிவிடும். ஒரு முறை தட்டினால் இரண்டு எழுத்து. மற்ற எழுத்தானால் உடனே தெரியும். புள்ளி இரட்டித்தால் என்ன ஆகும்? யூனிகோடில் இரண்டாவது புள்ளிக்கு உட்கார எழுத்து இல்லை. பக்கத்தில் ஒரு புள்ளிவட்டத்தைப் போட்டு அதன் தலையில் உட்கார்ந்துவிடும். பெயர்களுக்கு நடுவே அந்த வட்டத்தோடு அச்சாகி வந்த அழைப்பிதழ்களை நான் பார்த்திருக்கிறேன்.

4

உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று திறக்கப்பட்டது. ஒத்தக்கடைப் பக்கம், யானைமலை பார்த்துக்கொண்டிருக்கும் இடம். நீதிமன்றம் வந்தால் கூடவே ஒரு சிறு தொழிலுலகம் வரும்: ஜெராக்ஸ், நோட்டரி, டீக்கடை, டைப்பிங். அங்கே வேலை பார்க்கிற, எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, ஹையர் பாஸ் பண்ணி, இயந்திரத்தில் தொடங்கிக் கணிப்பொறிக்கு மாறியவர். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. தவறு வந்தால் மறுபடி அடித்துக் கொடுக்க வேண்டும். அதற்குக் கூலி இல்லை. பிரமாணப் பத்திரத்தில் பெயரில் புள்ளி விட்டுப்போனால் வக்கீல் குமாஸ்தா திட்டுவதோடு போகாது. அடையாள அட்டையில் ஒரு மாதிரி, மனுவில் ஒரு மாதிரி என்று தாள் திரும்பி வரும். கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்த மனுதாரர் இன்னொரு நாள் வர வேண்டும்.

அவருடைய நீல சுவிட்சுப் பலகையில் புள்ளி விசை நாலு தடவைக்கு ஒரு தடவை விழவில்லை. ஒரு ரப்பர் குமிழ்க் கீபோர்டு புதிதாக வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் அடித்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார்.

"அது கெணத்துல கல்லுப் போட்ட மாதிரி இருக்கு தம்பி. விழுந்துச்சா இல்லையான்னே தெரியல. மத்த கீயெல்லாம் நல்லாத்தானே இருக்கு? ஒரு கீக்காக எல்லாத்தையும் தூக்கிப் போடணுமா?"

"வேணாங்க்கா. பாத்துருவோம்."

முதலில் ஒரு கணக்கு. அவர் நாளைக்குப் பத்துப் பக்கம் அடிக்கிறார், பக்கத்துக்கு 450 புள்ளி என்று வையுங்கள். நாளைக்கு 4,500. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்றால் 13.5 லட்சம். இந்த வகை சுவிட்சுக்குத் தயாரிப்பாளர் சொன்ன ஆயுள் 5 கோடி அழுத்தல். வகுத்துப் பார்த்தால் 37 வருஷம். ஆகவே புள்ளி விசை தேய்ந்து சாகவில்லை. தேய அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. எதிரி வேறு. மதுரைப் பக்கத்துக் காய்ந்த புழுதி, நாள் முழுக்கத் தாள் புரள்வதால் பறக்கும் தூசி, ஊதுபத்திச் சாம்பல், எப்போதோ சிந்திய டீ. தண்டைச் சுற்றிய இடுக்கு வழியே அது இறங்கும். சுவிட்சின் குற்றம் இதில் ஒன்றுமில்லை.

பழுது பார்ப்பதில் பாதி, பழுது எங்கே இல்லை என்று கண்டுபிடிப்பது. கீபோர்டுக்குள் விசைகள் வரிசையும் பத்தியுமாகப் பின்னிய வலை. ஒவ்வொரு விசையும் ஒரு வரிசைக் கம்பியும் ஒரு பத்திக் கம்பியும் சந்திக்கிற முடிச்சு. சிப் பத்தி பத்தியாக மின்சாரம் அனுப்பி எந்த வரிசையில் திரும்பி வருகிறது என்று பார்க்கும். ஒரே கம்பியைச் சேர்ந்த பல விசைகள் கூட்டமாகச் செத்தால் தடம் அறுந்திருக்கிறது, அல்லது சிப்பில் கோளாறு. ஒரே விசை என்றால் சுவிட்சு, அல்லது அதன் பற்று விட்டுப்போயிருக்கிறது. இங்கே ஒன்றுதான். வேறு கணிப்பொறியில் மாட்டினாலும் அதேதான்.

இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பழைய உருண்டை முள் இணைப்பு என்றால் கணிப்பொறியையே அணைத்துவிட்டுப் பிடுங்குவது நல்லது. ஓடும்போது கழற்றி மாட்டுவதற்காகச் செய்ததில்லை அது. விசையின் தொப்பியைப் பேப்பர் கிளிப் இரண்டை வளைத்து இருபுறமும் மாட்டி நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். உள்ளே இருந்ததைத் தூரிகையால் தட்டினேன். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அதில் இரண்டு மூன்று சொட்டு தண்டின் ஓரத்தில் விட்டு, விசையை ஒரு ஐம்பது தடவை அழுத்தி, முழுக்கக் காயவிட வேண்டும். கடைத் தெருவில் துரு நீக்க விற்கும் எண்ணெயை விடக் கூடாது. அது தூசியை அழைத்து உட்காரவைக்கும். கை கழுவும் சானிடைசரும் கூடாது. அதில் தண்ணீரும் பசையும் இருக்கும். பாதிக்கு மேற்பட்ட பழுதுகள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

இது தீரவில்லை. கொஞ்சம் தேறியது, பத்துக்கு ஒன்று இன்னும் விடுபட்டது. பில் போடுகிறவருக்கு அது பரவாயில்லை. ஒரு பக்கத்துக்கு 450 புள்ளி அடிக்கிறவருக்கு 45 தவறு.

பலகையைத் திறந்து பின்பக்கம் திருப்பினால் ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டு கால், ஈயப்பற்றோடு தெரியும். மல்டிமீட்டரின் இரு முனையையும் வைத்து விசையை அழுத்தினேன். பீப் விட்டு விட்டு ஒலித்தது. திரும்ப மாட்டி, அந்த இரண்டு காலையும் இடுக்கியால் தொட்டுப் பார்த்தபோது திரையில் ஒவ்வொரு முறையும் தவறாமல் எழுத்து வந்தது. அப்படியானால் தடம் நல்லது, சிப் நல்லது. சுவிட்சு மட்டும்தான்.

புது சுவிட்சு இணையத்தில் கிடைக்கும். வரும்வரை அக்காவுக்கு வேலை நிற்கும். அதற்கு அவசியமில்லை. அதே பலகையில் மேலே வலது பக்கம் ஸ்க்ரோல் லாக் என்று ஒரு விசை இருக்கிறது. எதற்கு என்று அக்காவைக் கேட்டேன். "அதைத் தொட்டதே இல்லையே." தொப்பியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே அதே நீலத் தண்டு, அதே தங்க முனை, அதே வயது. ஆனால் வேலையே பார்க்காதது.

சால்டரிங் அயர்னை 350 டிகிரியில் வைத்து, பழைய பற்றின் மேல் முதலில் கொஞ்சம் புது ஈயம் ஏற்றினேன். விநோதமாகத் தோன்றும், ஆனால் பழைய ஈயம் தனியாக உருகச் சண்டித்தனம் பண்ணும், புதுசு சேர்ந்தால் இரண்டும் சேர்ந்து இளகும். இளகினதும் சக்கரால் உறிஞ்சிவிட வேண்டும். அவசரப்பட்டுச் சுவிட்சை இழுத்தால் பலகையில் ஒட்டிய செம்புத் தடம் பிய்ந்து வந்துவிடும். கால் துளைக்குள் தளர்வாக ஆடினால்தான் இழுக்கலாம். இரண்டு சுவிட்சையும் எடுத்து இடம் மாற்றிப் பற்றவைக்க அரை மணி நேரம். புள்ளியின் இடத்தில் ஸ்க்ரோல் லாக். ஸ்க்ரோல் லாக்கின் இடத்தில் களைத்துப்போன புள்ளி.

அக்கா உட்கார்ந்து ஒரு பிரமாணப் பத்திரத்தின் முதல் பத்தியை அடித்தார். மூலத்தைப் பார்த்தபடியேதான். முடித்துவிட்டுத் திரையைப் படித்தார். "எல்லாம் விழுந்துருச்சு," என்றவர், விசையை இன்னொரு தடவை தனியாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கட்டியா இருக்கு. பழகிரும்," என்றார். உண்மைதான். பத்து வருஷம் அழுத்தப்பட்ட சுவிட்சுக்கும் அழுத்தப்படாததற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தச் சுண்டுவிரல் உடனே கண்டுபிடித்துவிட்டது.

கழற்றிய சுவிட்சைத் திறந்து பார்க்கும் ஆசை எனக்கு இருந்தது. ஆனால் அது ஸ்க்ரோல் லாக்குக்கு வேண்டியிருந்தது. எப்போதாவது யாராவது அதை அழுத்தி, விழாமல் போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

5

இதே பழுது ரப்பர் குமிழ்க் கீபோர்டில் வந்திருந்தால் செய்ய ஒன்றுமில்லை. அங்கே புள்ளிக்கென்று தனியாக ஒரு பாகம் கிடையாது. எல்லா விசைக்கும் ஒரே ரப்பர் விரிப்பு, ஒரே தாள். வெள்ளி மைக் கோடு ஒரு இடத்தில் அரித்துப்போனால் முழுத் தாளும் போனது. புது மடிக்கணினிகளில் இன்னும் ஒரு படி: சில மாதிரிகளில் கீபோர்டை மேல்தகட்டோடு சேர்த்தே செய்துவிடுகிறார்கள். ஒரு விசைக்காக மேல்பாதியையே மாற்றச் சொல்வார்கள்.

இதில் விலை மட்டும் விஷயமில்லை. எம்எக்ஸ் சுவிட்சு விலை கூடியது. ரப்பர் குமிழ் மலிவு. ஏழை எளிய அலுவலகங்களுக்குக் கணிப்பொறி போய்ச் சேர்ந்ததில் அந்த மலிவுக்குப் பங்கு உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் எல்லா விசையும் ஒரே அளவு உழைக்கும் என்று வைத்துக்கொண்டால்தான் ஒரே விரிப்பு சரிப்படும். தமிழ் அப்படி உழைப்பதில்லை. அதிலும் தட்டச்சு அமைப்பில் அடிக்கிற தமிழ், ஆங்கிலப் பலகைக்காரன் கைவிட்ட ஒரு மூலையில் போய் முழுப் பாரத்தையும் இறக்குகிறது. அப்படி ஒரு மொழிக்கு விசைக்கு விசை தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய பலகைதான் நியாயம் செய்யும்.

புள்ளியின் கதையைத் திரும்பிப் பார்த்தால், புள்ளி வேண்டுமா வேண்டாமா என்பதை இலக்கணம் எப்போதோ முடிவு செய்துவிட்டது. விழுமா விழாதா என்பதைத்தான் ஒவ்வொரு காலத்திலும் கருவி முடிவு செய்திருக்கிறது. ஓலை விடவில்லை. ஈயம் விட்டது. தட்டச்சு இயந்திரம் வண்டியை நிறுத்தி இடம் கொடுத்தது. இப்போது 2.2 மில்லிமீட்டர் ஆழத்தில் இரண்டு தங்க முனைகளுக்கு நடுவே தூசி உட்கார்ந்தால் நாம் மறுபடி ஓலைக் காலத்துக்குப் போகிறோம். ஏடு வாசித்தவர்கள் புள்ளியை மனசுக்குள் வைத்துப் படித்தார்கள். நீதிமன்றப் பதிவாளர் அலுவலகம் அப்படிப் படிக்காது.

நடைமுறையாக ஒன்று சொல்லலாம். உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ பழைய நீல சுவிட்சுப் பலகை பழுதென்று பரண்மேல் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் ஸ்க்ரோல் லாக், பாஸ், வலது பக்க விண்டோஸ் விசை, அதன் பக்கத்து மெனு விசை என்று குறைந்தது நான்கு சுவிட்சு புதுசுபோலவே இருக்கும். அந்தப் பலகை தன் உதிரி பாகத்தைத் தானே சுமந்துகொண்டு இருக்கிறது. மதுரையில் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த, ரேடியோவும் மிக்ஸியும் பார்க்கிற எந்தக் கடைக்காரராலும் அதை மாற்றிவிட முடியும். கீபோர்டு பார்ப்பதில்லை என்பார். சுவிட்சைக் காட்டி இரண்டு கால்தான் என்று சொன்னால் பார்ப்பார்.

தட்டச்சுப் பள்ளிகளும் இன்னும் மூடிவிடவில்லை. பிள்ளைகள் காலையில் வந்து ய, ள, ன, க, ப என்று தொடங்குகிறார்கள். வலக்கை முறை வரும்போது முதலில் இறங்குவது சுண்டுவிரல், முதலில் விழுவது புள்ளி. இன்றைக்கு லோயர் எழுதுகிற ஒரு பெண் ஓய்வு பெறும்வரை அந்த விரல் அங்கேதான் போகும்.